மோர் ஏன் சுட்டது? – பார் மீன் நஞ்சு பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் என் பசிபிக் தீவு நாட்களைப் பற்றி எழுதியபோது, பவளப் பாரில், அதாவது கடலடியில் வளரும் பவளத் திட்டில், மேயும் மீனைத் தின்று ஆட்கள் படுத்துக்கொள்ளும் கதையை இரண்டு பத்தியில் தொட்டுவிட்டு நகர்ந்தேன். அந்த இரண்டு பத்திக்குத்தான் கடிதங்கள் குவிந்திருக்கின்றன. சிகுவாடெரா என்ற அந்த நோயின் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறீர்கள். கவலை வேண்டாம், நானும் முதல் வருடம் அப்படித்தான் எழுதினேன்.

மீன் கெட்டுப்போனால்தான் விஷம் என்று நாற்பது வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். துடிக்கத் துடிக்க வாங்கிய மீன் எப்படி விஷமாகும்? — ஓய்வுபெற்ற ஆசிரியர், தூத்துக்குடி

நீங்கள் நடத்திய பாடம் சரிதான் சார். இது வேறு பாடம்.

நான் டாக்டராக வேலை பார்த்த நாடு கிரிபாத்தி. எழுத்தில்தான் அப்படி, அங்கே உள்ளவர்கள் கிரிபாஸ் என்பார்கள். 33 தீவுகள். நிலத்தை மட்டும் சேர்த்தால் சுமார் 811 சதுர கிலோமீட்டர், அதைச் சுற்றி 35 லட்சம் சதுர கிலோமீட்டர் கடல். தென்னை, கடல், மீன். அரிசியும் மாவும் கப்பலில் வரும்.

சேர்ந்த மூன்றாவது மாதம் ஒரு மீனவர் வந்தார். நாற்பது வயது இருக்கும், கட்டுமஸ்தான ஆள். என்ன செய்கிறது என்றேன். "தண்ணீர் சுடுகிறது" என்றார். காய்ச்சலா? இல்லை. சூடான தண்ணீரா? இல்லை, மழைத்தொட்டித் தண்ணீர், அதில் கை வைத்தால் சுடுகிறது. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது, பல்லெல்லாம் ஆடுவதுபோல் இருக்கிறது என்றார். பல்லைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், கல்லு மாதிரி நின்றது. குடியாக இருக்கும், இல்லாவிட்டால் மனப் பதற்றம் என்று முடிவு கட்டி, வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அவர் வெளியே போனதும் பக்கத்தில் நின்ற உள்ளூர் நர்ஸ் மெதுவாகக் கேட்டார்: "என்ன மீன் சாப்பிட்டார் என்று நீங்கள் கேட்கவே இல்லையே, டாக்டர்?"

அந்தக் கேள்வியை எனக்கு எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தரவில்லை. ஆளை அனுப்பி அவரைத் திரும்பக் கூப்பிட்டோம். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 46தான், மிகக் குறைவு. முந்தின நாள் இரவு ஒரு பெரிய செந்நிற மீனின் தலையையும் ஈரலையும் சாப்பிட்டிருந்தார். வீட்டில் மற்ற நால்வருக்கும் வயிற்றுப்போக்கு.

நடப்பது இதுதான். காம்பியர்டிஸ்கஸ் என்று ஓர் ஒற்றைச் செல் பாசி. நுண்ணோக்கி இல்லாமல் அடையாளம் காண முடியாது. செத்த பவளத்தின் மேல் படரும் புல் போன்ற பாசிகளில் ஒட்டிக்கொண்டு வாழும். கிளிமீன் போன்றவை அந்தப் பாசியை மேய்கின்றன, அவற்றைக் களவா, அஞ்சாளை, ஷீலா போன்ற பெரிய மீன்கள் தின்கின்றன. பாசியின் நஞ்சு மீனின் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். போகிற வழியில் வேதியியல் மாற்றம் நடந்து இன்னும் வீரியமாகவும் ஆகும். மீனுக்கு ஒன்றும் ஆகாது, துள்ளிக்கொண்டுதான் இருக்கும். தின்கிற நமக்கு நரம்புச் செல்களில் சோடியம் போய்வரும் கதவுகள் மூட முடியாமல் திறந்தபடி நிற்கும். குளிர்ச்சியைத் தொட்டால் எரிகிற அந்த விபரீதம் அதனால்தான்.

நான்கு மாதம் கழித்து என் முறை வந்தது. நண்பர் வீட்டு விருந்து, பெரிய மீன். இரவு வயிறு கழன்றது, அது ஒரே நாளில் நின்றுவிட்டது. மூன்றாம் நாள் மத்தியானம், ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த எவர்சில்வர் டம்ளரில் என் மனைவி பால்பவுடர் தயிரைக் கடைந்து, குளிர்பெட்டியில் வைத்திருந்த மோரைக் கொடுத்தாள். டம்ளரைத் தொட்டவுடன் கையை உதறினேன். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் தொட்ட மாதிரி இருந்தது. மோர் தரையெல்லாம். டம்ளரில் ஒரு நெளிவு விழுந்தது, இப்போதும் அந்த டம்ளர் வீட்டில் இருக்கிறது. ஐந்து வாரம் வெந்நீரில்தான் கை கழுவினேன். வைட்டமின் மாத்திரை கொடுத்து அனுப்பிய மீனவரைப் பற்றி அந்த ஐந்து வாரமும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

புளி, மஞ்சள் சேர்த்து நன்றாகக் கொதிக்கவைத்தால் நஞ்சு போகாதா? கருவாடாக்கினால்? — இல்லத்தரசி, நாகர்கோவில்

போகாதம்மா. கொதித்தாலும் பொரித்தாலும் உப்பிட்டு உலர்த்தினாலும் ஐஸில் உறைய வைத்தாலும் அப்படியேதான் இருக்கும். ருசி, வாசனை, நிறம் எதுவும் மாறாது. நம் ஊரில் குழம்புக்குத் தனியாக எடுத்துவைக்கும் தலை, ஈரல், சினை இவற்றில்தான் நஞ்சு அதிகம் சேரும்.

வெள்ளிக் காசைப் போட்டுப் பார்த்தால் தெரியும், ஈ உட்காராவிட்டால் விஷ மீன் என்று மாலத்தீவில் வேலை பார்க்கும் என் மச்சான் சொல்கிறார். உண்மையா? — கடைக்காரர், இராமநாதபுரம்

உங்கள் மச்சான் தனியாள் இல்லை. பசிபிக் முழுக்கவும் கரீபியன் முழுக்கவும் இதே கதையைச் சொல்வார்கள். காசு கறுக்காத மீன் சாப்பிட்டு என் வார்டில் படுத்தவர்கள் உண்டு. ஈ எந்த மீனிலும் உட்காரும், அதற்கு அவ்வளவு ஞானம் கிடையாது. பூனைக்கு முதலில் கொஞ்சம் போட்டுப் பார்ப்பதில் ஓரளவு விஷயம் இருக்கிறது. ஹவாயில் ஒரு காலத்தில் கீரிக்குக் கொடுத்தே ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். ஆனால் தினமும் ஒரு பூனைக்கு எங்கே போவது, பாவம்.

எந்த மீனில் விஷம் என்று தெரிந்தால் அந்த மீனைத் தடை செய்துவிட்டுப் போக வேண்டியதுதானே? இதற்கு எதற்கு இத்தனை நாடுகள் கூடிக் கூடிப் பேச வேண்டும்? — கல்லூரி மாணவர், சென்னை

தம்பி, நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷம் மீனின் பெயரில் இல்லை, இடத்தில் இருக்கிறது. ஒரே தீவில் ஒரு பக்கத்துப் பாரில் பிடித்த மீனைத் தின்றால் ஒன்றும் ஆகாது, அதே சாதி மீன் மறுபக்கத்தில் ஆளைப் படுக்கவைக்கும். இந்த வருடம் சுத்தமாக இருந்த பார் புயலடித்தோ, பவளம் வெளுத்தோ, அலைத்தடுப்பு கட்டியோ சில வருடத்தில் நஞ்சாகலாம். செத்த பவளம் என்றால் பாசிக்குப் புது மனை. 1960-களில் பிரெஞ்சுப் பாலினேசியாவின் ஹாவ் பவளத்தீவில், அணுகுண்டுச் சோதனைக்கான இராணுவத் தளம் கட்டப் பாரை உடைத்துத் தோண்டினார்கள். அதற்குப் பிறகு அங்கே மீன் நஞ்சு வெடித்துக் கிளம்பியது. டாஹிட்டியின் லூயி மலார்தே ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ரேமோன் பாஞி அதைப் பின்தொடர்ந்து எழுதிவைத்தார். பிறகு அவரும் ஜப்பானின் தகேஷி யசுமோட்டோவும் சேர்ந்துதான் 1970-களில் அதே பிரெஞ்சுப் பாலினேசியாவின் காம்பியர் தீவுகளில் அந்தப் பாசியைக் கண்டுபிடித்தார்கள். பாசியின் பெயரில் காம்பியர் வந்தது அப்படி. பிரெஞ்சு மருத்துவர், ஜப்பானிய வேதியியலாளர், பாலினேசிய மீன். கூட்டு என்றால் முதல் கூட்டு அதுதான்.

பெரிய மீனைத் தவிர்த்தால் போதும் என்பார்கள். பாதி உண்மை. பிரெஞ்சுப் பாலினேசியாவில் அளந்து பார்த்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பல சாதி மீன்களில் அளவுக்கும் நஞ்சுக்கும் தொடர்பே தெரியவில்லை.

சரி, ஒவ்வொரு மீனையும் சோதிக்கலாமே? இங்கேதான் சிக்கல். ஆபத்தின் எல்லையாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பசிபிக் வகை நஞ்சுக்குச் சொல்லும் அளவு, கிலோவுக்கு 0.01 மைக்ரோகிராம். கணக்குப் போட்டால் 100 டன் மீனில் 1 மில்லிகிராம். ஓர் அரிசியை இருபது துண்டாக்கி, அதில் ஒரு துண்டை நூறு டன் மீனுக்குள் தேடுகிற வேலை. யசுமோட்டோ குழு இந்த நஞ்சின் வடிவத்தைக் கண்டறிய 4000 கிலோ அஞ்சாளையைப் பிடித்து அலசியது. கிடைத்தது 0.35 மில்லிகிராம். 1989-இல் அதைவைத்துத்தான் கட்டமைப்பை வெளியிட்டார்கள். சோதனைக்கூடத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான தூய நஞ்சுக்கு இன்றுவரை தட்டுப்பாடு, காரணம் புரிகிறதல்லவா?

ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் நாடு இதற்கு ஒரு சோதனைக்கூடம் வைத்துச் சமாளிக்க முடியுமா? முடியாது. அதனால் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். சர்வதேச அணுசக்தி முகமை தன் மொனாக்கோ ஆய்வகம் வழியாகப் பல நாட்டு ஆட்களுக்கு ஒரு சோதனை முறையைச் சொல்லிக்கொடுத்தது. அணுசக்திக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் முதலில் முழித்தேன். விஷயம் எளிது. எலி மூளையிலிருந்து எடுத்த சவ்வில், இந்த நஞ்சு போய் உட்காரும் இருக்கைகள் உண்டு. கதிரியக்கக் குறியிட்ட இன்னொரு நஞ்சை முதலில் கலந்து, மீனிலிருந்து எடுத்த சாறையும் விடுவார்கள். இரண்டும் இருக்கைக்கு முட்டிமோதும், சங்கீத நாற்காலி மாதிரி. குறியிட்டது எவ்வளவு வெளியே தள்ளப்படுகிறதோ அவ்வளவு நஞ்சு மீனில் இருக்கிறது. பிலிப்பைன்ஸின் அணு ஆராய்ச்சி நிலையமும் கியூபாவின் சியன்ஃபுயேகோஸ் சுற்றுச்சூழல் ஆய்வு மையமும் தத்தம் வட்டாரத்தில் இந்த முறையில் பாசி நஞ்சுகளைச் சோதிக்கும் வேலையில் இறங்கின. குக் தீவுகளின் பாசி மாதிரிகள் நியூஸிலாந்தின் காத்ரான் நிலையத்துக்குப் போகின்றன. யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் 2015 முதல் 2019 வரைக்கான உலக உத்தி ஒன்றை வகுத்தது. உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் 2018 நவம்பரில் ரோமில் நிபுணர்களைக் கூட்டி, 2020-இல் பெரிய அறிக்கை வெளியிட்டன.

இதெல்லாம் வேண்டும்தான். ஆனால் என்னைக் கேட்டால், கருவிக்கு முன்னால் வேண்டியது நோட்டுப் புத்தகம். நர்ஸ் என் தலையில் குட்டிய பிறகு, வார்டில் நாற்பது பக்க நோட்டு ஒன்றைத் தொங்கவிட்டோம். என்ன மீன், எந்தப் பார், எந்தப் பாகம், எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எத்தனை பேர் படுத்தார்கள். ஒரே வருடத்தில் இரண்டு பார்களின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. அதை மீனவர்களிடம் சொன்னால் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது! வெளியே சொன்னால் விலை போகாது என்று வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

நோட்டை அடுத்த தீவுக்கு அனுப்பினால் இன்னொரு தகராறு. நாங்கள் எழுதிய மீன் பெயர் அங்கே வேறு மீனுக்கு. நம் ஊர்ச் சங்கரா மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், சந்தையில் அந்த ஒரே பெயரில் எத்தனை மீன் விற்கிறது! நியூ கலிடோனியாவின் நூமேயாவில் தலைமையகம் உள்ள பசிபிக் சமூக அமைப்பு, தீவுகளிலிருந்து வரும் மீன் நஞ்சுத் தகவலைப் பல காலம் ஒரே இடத்தில் சேர்த்தது. அப்படிச் சேர்த்த கணக்குகள் இருந்ததால்தான் 1998–2008 காலத்தில், 1973–1983-ஐவிட நோய் விகிதம் 60 சதவீதம் கூடியிருப்பதைச் சொல்ல முடிந்தது. ஒரு தீவு மட்டும் தன் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் "இந்த வருடம் கொஞ்சம் அதிகம்" என்று முணுமுணுத்துவிட்டு விட்டிருப்பார்கள்.

இன்னொன்று, மீன் விமானம் ஏறுகிறது. கிரிபாத்தியின் பார் மீன் ஹாங்காங் தட்டுக்குப் போன காலம் உண்டு. பின்னர் ஹாங்காங் ஆய்வாளர்களே கிரிபாத்தியின் மராகேய் தீவு மீன்களை எடுத்துச் சோதித்தார்கள். பிடிக்கிறவன் ஒரு நாடு, தின்கிறவன் ஒரு நாடு, வைத்தியம் பார்க்கிறவன் குழம்புகிறான்.

சிங்கப்பூரில் உயிர்க் களவாவைத் தொட்டியில் வைத்து அவித்துத் தருகிறார்கள். சாப்பிடலாமா? — பொறியாளர், சிங்கப்பூர்

உயிரோடு இருப்பது மீன் கெட்டுப்போகவில்லை என்பதற்குத்தான் சான்று, நஞ்சில்லை என்பதற்கு இல்லை. சிறியதாக வாங்குங்கள், தலை, குடல், சினை வேண்டாம், ஒரே ஆள் முழு மீனையும் முடிக்க வேண்டாம். கூடவே மது வேண்டாம். சாப்பிட்ட பிறகு உதடு மரத்தால் மீதி மீனில் ஒரு துண்டைக் குளிர்பெட்டியில் உறைய வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். அந்தத் துண்டு இல்லாமல் யாரும் எதையும் நிரூபிக்க முடியாது.

சிட்னி மீன் சந்தையில் எந்தப் பகுதியின் எந்த மீனை, எத்தனை கிலோ வரை ஏற்கலாம் என்று பட்டியலே உண்டு. அஞ்சாளையும் சில செந்நிற மீன்களும் அங்கே நுழையவே முடியாது. எனக்குப் பிடித்த ஏற்பாடு அது.

நம்ம கடலுக்கு இது வருமா? — மீனவர், இராமேஸ்வரம் பக்கம்

அண்ணே, பயமுறுத்தாமல் சொல்கிறேன். 2015-இல் மங்களூரில் செந்நிறப் பார் மீனால் கூட்டமாக ஆட்கள் பாதிக்கப்பட்டார்கள். ஜெர்மனியில் 2012-க்கும் 2017-க்கும் நடுவே இதே நஞ்சால் பலமுறை ஆட்கள் படுத்தார்கள். அந்த மீன்கள் போனது இந்தியா, இந்தோனேசியா, வியட்நாமிலிருந்து. ஆகவே இது எங்கோ பசிபிக்கின் கதை என்று சொல்லும் காலம் முடிந்தது. கிரேக்கத்தின் கிரீட் தீவுக் கடலில்கூட 2003-இல் இந்தப் பாசியைப் பார்த்தார்கள். கேனரி தீவுகளில் 2004-இல் ஈட்டியால் குத்திய 26 கிலோ மீன் ஒன்றைச் சாப்பிட்ட குடும்பத்தில் ஐந்து பேர் படுத்தார்கள். அதன்பின் அங்கே குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்ட சில மீன்களைச் சோதித்த பிறகே விற்க முடியும்.

உங்கள் வலையில் வரும் சாளையையும் நெத்திலியையும் காரலையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை பார் பாசி மேயும் சாதிகள் இல்லை. எந்தப் பார் மீனைச் சாப்பிட்டாவது வீட்டில் இரண்டு பேருக்கு மேல் வாய் மரத்து, குளிர்ந்த தண்ணீர் எரிகிறது என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மீன் பெயரையும் எந்தப் பாரில் பிடித்தது என்பதையும் சொல்லுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். என்னை மாதிரி ஆள் உட்கார்ந்திருக்கலாம்.

இதற்கு மருந்தே கிடையாதா? — நர்சிங் மாணவி, திருச்சி

முறிமருந்து இல்லை. நீரிழப்பை ஈடுகட்டுவோம், நாடித்துடிப்பு மிகவும் குறைந்தால் அட்ரோபின், நரம்பு எரிச்சலுக்கு மாத்திரை. 1988-இல் மார்ஷல் தீவுகளில் 24 நோயாளிகளுக்கு மானிட்டால் என்ற மருந்தை இரத்தக்குழாய் வழியே ஏற்றி அற்புதமாகக் கேட்டது என்று எழுதினார்கள். எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டோம். 2002-இல் குக் தீவுகளின் ரரோடோங்காவில் 50 பேரைப் பிரித்து, யாருக்கு எது என்று தெரியாமல் கொடுத்துப் பார்த்தபோது சாதாரண சலைனைவிட மேலாக இல்லை. நானும் சிலருக்கு ஏற்றியிருக்கிறேன், கேட்டது என்றும் நம்பியிருக்கிறேன்.

நியூ கலிடோனியாவில் இந்த நோய்க்கு "லா கிராத்" என்று பெயர், சொறிதல் என்று அர்த்தம். அங்கே கடலோரத்தில் வளரும் வெள்ளி நிற மெத்து இலை மரம் ஒன்றின் கஷாயம் குடிப்பார்கள். அதில் இருக்கும் ரோஸ்மரினிக் அமிலம் இந்த நஞ்சை எதிர்ப்பதை ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். மாலத்தீவிலும் அந்த மரம் உண்டு. வீட்டில் முயன்று பார்க்கச் சொல்லவில்லை.

பால் கொடுக்கும் தாய்க்கு வந்தால் குழந்தைக்கும் போவதாகப் பதிவுகள் உண்டு, அதைக் கட்டாயம் கேளுங்கள். பொதுவாக ஆள் சாவது மிக அபூர்வம். ஆனால் மாதக்கணக்கில் நீடிக்கலாம், மது குடித்தாலோ மறுபடி மீனோ கொட்டைகளோ தின்றாலோ திரும்பலாம்.

இது புது நோயா, பருவநிலை மாற்றத்தால் வந்ததா? — வாசகர், மதுரை

பழசுதான். 1774-இல் கேப்டன் குக்கின் கப்பல் இன்றைய வனுவாட்டுவில் நின்றபோது, செந்நிற மீன் சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் காந்தல், மூட்டுகளில் மரமரப்பு. குடலைத் தின்ற பன்றி செத்தது. சிகுவா என்பது கியூபாவில் ஒரு கடல் நத்தையின் பெயர், நோயின் பெயர் அதிலிருந்து வந்தது. கடல் சூடாவதும் பவளம் சாவதும் பாசியின் வரைபடத்தை மாற்றுகின்றன, அதுதான் புதிது. ரொம்பச் சூடானால் அந்தப் பாசியாலும் தாங்க முடியாது, எனவே எல்லா இடத்திலும் கூடிக்கொண்டே போகும் என்றும் சொல்ல முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் நீங்கள் மீன் சாப்பிடுகிறீர்களா டாக்டர்? — வாசகி, திருநெல்வேலி

குளச்சல்காரனிடம் கேட்கிற கேள்வியா இது! நேற்று நெத்தோலி அவியல். பெரிய பார் மீனின் தலைக்கறி மட்டும் எங்கள் வீட்டில் நின்று பதினைந்து வருடம் ஆகிறது, அதில் என் மனைவிக்கு இன்னும் வருத்தம் உண்டு. அவள் ஊர் மணப்பாடு.